உன் நாக்கில் நாங்கள் பார்த்த நரம்பு

நேற்று உன் அலமாரியைத் திறக்க வேண்டி வந்தது. முதலாண்டு நர்சிங் பிள்ளைகளுக்கு நரம்புத் திசுப் பாடம் நடத்த ஆளில்லை. உயிர்வேதியியல் நடத்துகிற என் தலையில் பிரின்சிபால் அதைக் கட்டிவிட்டார். சாவி என் கைப்பையிலேயே கிடந்தது. நீ போன பிறகு அதை யாரும் கேட்கவில்லை. கீழ்த்தட்டில் உன் ஸ்லைடுப் பெட்டி. மூடியைத் தூக்கியதும் ஸ்லைடு தயாரிக்கிற சைலீன் நெடி மூக்கில் ஏறியது. உன் சேலைத் தலைப்பில் எப்போதும் இருந்த நெடி. மதியம் சோற்றுப் பொதியைப் பிரித்து எனக்குப் பாதி அவியலைத் தள்ளுவாயே, அந்த அவியலிலும் லேசாக அடிக்கும். நான் முகம் சுளித்தால், "எனக்குத் தெரியலட்டி. மூக்கு பழகிப்போச்சு" என்பாய்.

பெட்டியை மூடினேன். மறுபடி திறந்தேன். ஆய்வகத்தில் யாரும் இல்லை. ஒரு ஸ்லைடைக்கூட எடுக்காமல், மணி அடிக்கும்வரை உன் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்கு வந்து இரண்டு தடவை சோப்புப் போட்டும் விரல்களில் அந்த நெடி நிற்கிறது. இதை எழுத உட்கார்ந்ததற்கு வேறு காரணம் ஒன்றும் இல்லை.

உனக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. இந்த மலையாள ஊரில், வலியசாலையில் ஒரே தெருவில் வளர்ந்தோம். என் அப்பா பிடிவாதமாக என்னைத் தமிழ் சொல்லித்தரும் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார். உன் அப்பாவுக்குப் பழவங்காடியில் கடை; நாளைக்கு உத்தியோகம் வேண்டுமானால் மலையாளம்தான் வேண்டும் என்று உன்னை மலையாளப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார். உன் வீட்டுக்கு நாகர்கோவிலிலிருந்து கல்யாணப் பத்திரிகை வந்தால் என்னிடம் எடுத்துக்கொண்டு ஓடி வருவாய். "எந்த மண்டபம்ணு பாத்துச் சொல்லுட்டி." வாழ்நாள் முழுக்கத் தமிழ் பேசினாய், ஒரு வரிகூட அதை எழுதினதில்லை. ஆகவே நீ இருந்திருந்தாலும் இந்த மடலை நான்தான் உனக்கு வாசித்துக் காட்டியிருக்க வேண்டும். மலையாளத்தில் எழுதலாம் என்று தொடங்கிப் பார்த்தேன். யாரோ வேறொருத்திக்கு எழுதுவதுபோல இருந்தது. கிழித்துப் போட்டேன்.

நாம் இரண்டு பேரும் ஒரே வருஷம் அந்தக் கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்தோம். நான் சம்பளத்துக்காகப் பாடம் நடத்தினேன். நீ அப்படி இல்லை. தண்டுவடத்தைக் குறுக்கே வெட்டிய ஸ்லைடு ஒன்று உன்னிடம் இருந்தது. ஊதாச் சாயம் ஏற்றியது. சேர்ந்த புதிதில் ஒருநாள் என்னைக் கையைப் பிடித்து இழுத்துப்போய் மைக்ராஸ்கோப் முன்னால் உட்கார வைத்தாய்.

"என்ன தெரியுது?"

"பட்டாம்பூச்சி மாதிரி ஒண்ணு."

"அதுக்க முன்பக்கத்து றெக்கையப் பாரு. பெருசு பெருசா இருக்குல்லா, நாலு பக்கமும் கை நீட்டிக்கிட்டு?"

பார்த்தேன். மூலை மூலையாக நீண்ட ஊதா உடல்கள். ஒவ்வொன்றின் நடுவிலும் வெளிறிய வட்டம், அந்த வட்டத்துக்குள் கரும்புள்ளி. யாரோ என்னைத் திரும்பிப் பார்ப்பதுபோல இருந்தது.

"அதாக்கும் இயக்க நரம்புச் செல். நீட்டின கை எல்லாம் கேக்கதுக்கு. மூளை என்ன சொல்லுகு, பக்கத்துச் செல் என்ன சொல்லுகுண்ணு ஆயிரம் பேச்சக் கேக்கும். பதில் சொல்லுகதுக்கு ஒரே ஒரு நார். அந்த நார் நேரே போயித் தசையில முடியும். இந்தச் செல்லு ஒரு தேங்கா அளவு இருந்துதுண்ணு வச்சுக்கோ, அதுக்க நார் வலியசாலையில இருந்து மியூசியம் வரைக்கும் போகும். ஒத்தச் செல்லு. நடுவுல வேற ஆளே கெடையாது."

அந்த நாரைச் சுற்றிக் கொழுப்புறை சுற்றியிருப்பதையும், உறையின் இடைவெளிகளில் மின்சைகை தாவித் தாவிப் போவதையும், கடைசியில் தசையின் வாசலில் ஒரு துளி ரசாயனம் சிந்துவதையும், அந்தத் துளி இல்லாவிட்டால் தசை அசையவே முடியாது என்பதையும் நீ சொன்னாய். சுற்றியிருக்கும் சின்னச் செல்களைக் காட்டி, "எல்லாரும் பெரியவனைத்தான் பாடமா படிக்கா. அவனுக்குச் சோறு போடுகதும் அழுக்கு அள்ளுகதும் இந்தக் கூட்டம்" என்றாய். எனக்கு அதில் பாதிதான் அன்று விளங்கியது. உன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். தன் குழந்தையை அடுத்த வீட்டுக்காரிக்குக் காட்டுகிறவள் முகம். உனக்குக் குழந்தை இல்லை என்பதை அந்த நேரத்தில் நினைத்துவிட்டு, உடனே வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அந்த மைக்ராஸ்கோப்பில்தான் அது தொடங்கவும் செய்தது. ஒரு மழைக்காலத்தில், நுண்திருகைத் திருப்ப உனக்கு வரவில்லை. திருகு துருப்பிடித்துவிட்டது என்று அட்டெண்டரைக் கூப்பிட்டு எண்ணெய் விடச் சொன்னாய். அவர் திருப்பினார், சுழன்றது. நான் திருப்பினேன், சுழன்றது. நீ வலது கையை மேசைமேல் மல்லாத்தி வைத்துப் பார்த்தாய். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே சதை வற்றிப் பள்ளமாகியிருந்தது. அந்தப் பள்ளத்தில் தோலுக்கு அடியில் ஏதோ நெளிந்தது. நின்றது. மறுபடி நெளிந்தது.

"புழு மாதிரி இருக்குல்லா?" என்றாய்.

"கால்சியம் கொறவா இருக்கும்" என்றேன் நான்.

இடது கையையும் மல்லாத்தி வைத்து, இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாய். பிறகு சேலைத் தலைப்பால் இரண்டையும் மூடிக்கொண்டு அடுத்த வகுப்புக்குப் போனாய். உனக்கு அப்போதே தெரிந்துவிட்டது என்று இன்று நினைக்கிறேன். சாகப்போகிற இயக்க நரம்பு யாரும் கேட்காமலே தானாகத் துடிக்கும் என்று ஒவ்வொரு வருஷமும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவள் நீ.

ஆஸ்பத்திரிக்கு உன்னோடு உன் வீட்டுக்காரர் வேலப்பண்ணனும் நானும் வந்தோம். தம்பானூரில் ஆடிட்டர் ஆபீசில் வேலை பார்க்கிறவர். எல்லாவற்றுக்கும் ஒரு கூட்டல் கழித்தல் இருக்கும், கடைசியில் கணக்கு நேராகிவிடும் என்று நம்புகிற மனுஷர். உள்ளே உன்னோடு நான் வந்தேன். உன் தசைகளில் ஊசி குத்தி அதை ஒரு ஒலிபெருக்கியோடு இணைத்தார்கள். அசையாமல் இருக்கச் சொன்னார் டாக்டர். அசையாத தசையில் சத்தமே வரக்கூடாதாம். வந்தது. தகரக் கூரையில் தூறல் விழுகிற சத்தம். கையில் குத்தியபோதும் வந்தது, காலில் குத்தியபோதும் வந்தது. நாக்கில் குத்தியபோது நீ கண்களை மூடிக்கொண்டாய். டாக்டர் சின்னப் பையன். எப்படிச் சொல்வது என்று பேனாவை உருட்டிக்கொண்டிருந்தார். நான் இதைத்தான் பாடம் நடத்துகிறேன், நீங்கள் சிரமப்பட வேண்டாம் என்று நீயே மலையாளத்தில் அவரிடம் சொன்னாய். அவர் நிம்மதியாக மூச்சு விட்டார். அதற்காக அவர்மேல் எனக்கு வெகுநாள் கோபம் இருந்தது.

வெளியே வராந்தாவில் அண்ணன் எழுந்து நின்றார். "என்ன சொல்லுகாரு?"

"நரம்புத் தளர்ச்சி. கொழப்பமில்ல" என்றாய்.

வீட்டு வாசலில், அண்ணன் ஆட்டோவை அனுப்பிக்கொண்டிருக்கும்போது என் காதருகே குனிந்தாய். "தண்டுவடத்துல இருக்கது ஒவ்வொண்ணா போகும். மூளையில மேல இருக்கதும் போகும். போனது போனதுதான், புதுசா மொளைக்காது. கை, கால், நாக்கு, தொண்டை, பொறவு மூச்சு. புத்திக்கு ஒண்ணும் வராது. எல்லாம் பாத்துட்டு இருக்கணும்." கொஞ்சம் நிறுத்தினாய். "கண்ண அசைக்க நரம்பு மட்டும் தாங்கும்ணு சொல்லுகாங்க. அதாவது இருக்குல்லா."

ஒரு மாத்திரை இருந்தது. சில மாதங்கள் தள்ளிப்போடும், அவ்வளவுதான். அண்ணன் அதோடு விடவில்லை. பிழிச்சில், கிழி, தைலம் என்று ஆயுர்வேத வைத்தியசாலையில் உன்னை மரப்பாத்தியில் கிடத்தி எண்ணெய் ஊற்றினார்கள். உன் அம்மா நேர்ச்சை நேர்ந்தாள். நீ எதற்கும் மறுப்புச் சொல்லவில்லை. "வெறுதேதான், பலன் ஒண்ணும் வராது. ஆனா அவங்களுக்கும் என்னமாவது செய்யணும்லா" என்றாய்.

பழவங்காடியில் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்க உன்னைச் சக்கர நாற்காலியில் கூட்டிக்கொண்டு போன நாளை நினைத்துப் பார்க்கிறேன். அப்போது உன் கால்கள் போய்விட்டிருந்தன. அம்மா ஒவ்வொரு காயாக ஓங்கி அடித்தாள். ஒரு சில் தெறித்து வந்து உன் பாதத்தின் மேல் பட்டது. நான் பார்க்கவில்லை. அம்மாவும் அண்ணனும் கண்மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். வீட்டில் உன் செருப்பைக் கழற்றியபோதுதான் இரத்தம் காய்ந்திருப்பதைக் கண்டேன். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். அப்போதே உன் பேச்சு குழறத் தொடங்கியிருந்தது. "நல்லா வலிச்சுது. வலிக்க நரம்பெல்லாம் பத்திரமா இருக்கு. காலை இழுக்கதுக்குத்தான் ஆளில்ல." சிரிக்க முயன்றாய். நான் பஞ்சால் துடைக்கும்போது உன் கால் அசையவே இல்லை. முகம் மட்டும் சுருங்கியது.

பேச்சு குழறிய பிறகும் ஒரு மாதம் வகுப்பு எடுத்தாய். பிள்ளைகளுக்குப் பாதி விளங்கவில்லை. யாரோ வீட்டில் போய்ச் சொல்லி, டீச்சர் குடித்துவிட்டு வருகிறார் என்று ஒரு தகப்பன் பிரின்சிபாலுக்குப் போன் செய்தான். அதை உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று நான் கெஞ்சியும் பிரின்சிபால் சொல்லிவிட்டார், ஓய்வெடுத்துக்கொள்ளுங்கள் என்றும் சேர்த்து. மறுநாள் நீ வந்தாய். நாற்காலியை வகுப்புக்குள் தள்ளச் சொன்னாய். கரும்பலகைப் பக்கம் திரும்பவில்லை. இன்றைய பாடம் இயக்க நரம்புச் செல், ஸ்லைடு தேவையில்லை என்றாய், ஒவ்வொரு சொல்லாக. பிறகு வாயைத் திறந்து நாக்கை நீட்டினாய்.

"எல்லாரும் வந்நு நோக்கிக்கோ. பேடிக்கண்டா."

வந்து பாருங்கள், பயப்படாதீர்கள் என்று நீ மலையாளத்தில் சொன்னதும் முதல் பெஞ்சுப் பிள்ளைகள் எழுந்து வந்தார்கள். நான் டார்ச் பிடித்தேன். உன் நாக்கு ஓரங்களில் சுருங்கி, மேலே பள்ளம் விழுந்து, ஒரு பை நிறையப் புழுக்கள்போல இடைவிடாமல் துடித்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு பிள்ளையும் குனிந்து பார்த்துவிட்டு நகர்ந்தது. வரிசை முடிய வெகுநேரம் ஆனது. எச்சில் வழிய வழிய நான் துடைத்துக்கொண்டே இருந்தேன். நீ நாக்கை உள்ளே இழுக்கவில்லை. ஒருத்தி அழுதாள், அவள்தான் வீட்டில் சொன்னவளோ என்னவோ. எல்லோரும் திரும்பிப் போய் உட்கார்ந்த பிறகு, நரம்பு எஜமான், தசை வேலைக்காரன்; எஜமான் போனால் வேலைக்காரன் என்ன ஆவான் என்று மலையாளத்தில் கேட்டாய். சூம்பிப்போவான், அதுதான் பாடம் என்றாய். மணி அடித்தது. அதற்குப் பிறகு நீ கல்லூரிக்கு வரவில்லை.

இன்றைக்கும் எங்கள் ஸ்டாஃப் ரூமில் அந்த வகுப்பைப் பற்றிப் பெருமையாகப் பேசுகிறார்கள். எவ்வளவு தைரியம் என்கிறார்கள். அன்று மாலை உன்னைக் கட்டிலில் படுக்கவைத்தபோது நீ சொன்னதை அவர்கள் கேட்கவில்லை. "தைரியமில்லட்டி. அவமானம். சும்மா போக மனசு வரல்ல."

பிறகு அந்தச் சிரிப்பு வந்தது. நாகர்கோவிலிலிருந்து உன் சித்தி வந்து, உன்னைப் பார்த்த மாத்திரத்தில் அழத் தொடங்கினாள். அவள் அழ அழ நீ சிரித்தாய். தோள் குலுங்க, மூச்சு முட்ட, நிறுத்த முடியாமல். சித்தி எழுந்து வெளியே போய்விட்டாள். உன் அம்மா சுவரோடு சாய்ந்துகொண்டு, "பிள்ளைக்குச் சித்தம் கலங்கிப்போச்சு" என்று தலையில் அடித்துக்கொண்டாள். அழுகையையும் சிரிப்பையும் கட்டுப்படுத்தும் மூளையின் மேல்செல்கள் செத்துவிட்டால் இப்படி வரும் என்று அவளிடம் எப்படிச் சொல்வது? நீ அடங்க அரைமணி ஆகியிருக்கும். பிறகு என் காதை உன் வாய்க்கு அருகே வைக்கும்படி கண்ணால் கேட்டாய். "எனக்குச் சிரிப்பு வரல்லட்டி. வாய்தான் சிரிக்குது." நான் தெளிவாகக் கேட்ட உன் கடைசிப் பேச்சு அதுதான்.

பேச்சு போனபின் ஒரு அட்டையில் மலையாள எழுத்துகளை வரிசை வரிசையாக எழுதினேன். நான் வரிசையைச் சொல்வேன், சரியான வரிசை வந்தால் நீ கண்ணை மேலே உயர்த்துவாய்; பிறகு அந்த வரிசையில் எழுத்து எழுத்தாகச் சொல்வேன். உனக்குத் தமிழ் எழுத்து தெரியாது. மலையாளத்தில் நினைத்து மலையாளத்தில் சொல்ல உனக்கு மனமில்லை. கடைசியில் மலையாள எழுத்துகளில் தமிழ் சொன்னாய். எந்த மொழிக்காரன் வந்து பார்த்தாலும் பாதிதான் விளங்கும். எனக்கு விளங்கியது. கைபேசியில் நான் உனக்குப் படித்துக்காட்டிய கட்டுரை ஒன்றில், நரம்புக்குச் சோறு போடும் செல்களே இந்த நோயில் நஞ்சு கக்குவதாகச் சந்தேகம் என்று இருந்தது. அன்று நீ எழுத்தெழுத்தாகச் சொன்னது: "அவளுகளுமா."

மூச்சுத் தசைகள் தளரத் தொடங்கியதும் டாக்டர் முன்கூட்டியே பேசினார். ஒருநாள் மூச்சு நின்றுவிடும். தொண்டையில் துளை போட்டு மெஷின் வைத்தால் வருஷக்கணக்கில்கூட இருக்கலாம். வைக்காவிட்டால் வலியில்லாமல் போக மருந்து கொடுக்கலாம். எது வேண்டும் என்று வீட்டில் கலந்து முடிவு செய்யுங்கள் என்றார். அன்று மாலை நான் அட்டையோடு உட்கார்ந்தேன். நீ யோசிக்கவே இல்லை. "வேண்டாம்" என்றாய். சரியாகத்தான் வாசித்தேனா என்று திரும்பக் கேட்டேன். மறுபடியும் "வேண்டாம்."

அண்ணனிடம் சொன்னேன். அவர் அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அவ சொன்னாளா, நீ சொல்லுகியா சுபா?"

"அண்ணே, நான் எதுக்கு அப்படிச் சொல்லப்போறேன்?"

"நீங்க ரெண்டுபேரும் படிச்சவங்க. எல்லாம் முடிஞ்சுபோச்சுண்ணு நீங்க தீர்மானிச்சாச்சு. எனக்கு முடியல்ல." அட்டையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். "நானே கேக்கேன்."

மறுநாள் ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு உன் எதிரே உட்கார்ந்தார். அவருக்கு வரிசைகள் பழக்கமில்லை. தப்பாகச் சொல்லித் தப்பாகச் சொல்லித் திரும்பத் தொடங்கினார். உன் அம்மா சாப்பிடக் கூப்பிட்டபோதும் எழுந்திருக்கவில்லை. அந்தி விளக்கு வைக்கிற நேரத்தில் அடுக்களைக்கு வந்து என் முன்னால் ஒரு தாளை வைத்தார். அவர் கையெழுத்தில், மலையாள எழுத்துகளில் "பயமா இருக்கு" என்று இருந்தது.

நான் உன்னிடம் வந்தேன். எதைச் சொன்னாய், எதற்குப் பயம் என்று கேட்டேன். நீ என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாய். கண்ணை மேலே உயர்த்தவில்லை. என்னிடம் சொன்னதும் உண்மை, அவரிடம் சொன்னதும் உண்மை என்று இன்று எனக்குத் தோன்றுகிறது. என்னிடம் டீச்சராகப் பேசினாய். அவரிடம் அவர் பெஞ்சாதியாகப் பேசினாய். ஆனால் இது நானாக வைத்துக்கொண்ட அர்த்தம். அதை மெய்யாக்க உன் சொல் ஒன்றும் என்னிடம் இல்லை.

சளி கட்டிக் காய்ச்சல் வந்து உன் உதடு நீலமானது ஒரு பகல்வேளை. ஆஸ்பத்திரி வராந்தாவில் டாக்டர் கேட்டார், இப்போதே சொல்லுங்கள் என்று. அண்ணன் என் பக்கம் திரும்பினார்.

"எங்கிட்ட வேண்டாம்ணு சொன்னா அண்ணே."

"எங்கிட்ட பயம்ணு சொன்னா. ரெண்டும் அவதானே சொன்னா? பயப்படுகவள எப்படி சுபா நீ கைய விடச் சொல்லுக?"

என்னிடம் பதில் இருந்தது. ஆனால் முடிவு சொல்ல வேண்டியவர் அவர். "மெஷின் வைங்கோ" என்று டாக்டரிடம் சொல்லிவிட்டு வராந்தாத் தூணைப் பிடித்துக்கொண்டார். உன் அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள்.

உனக்கு நினைவு வந்த பிறகு நான் அட்டையைத் தூக்கினேன். கண்ணை இறுக மூடிக்கொண்டாய். மறுநாளும் மூடிக்கொண்டாய். பல நாள் கழித்து ஒரு பிற்பகல், நீயாகவே அட்டையைத் தேடினாய். நீ என்னைச் சபிக்கப்போகிறாய் என்று நினைத்தேன். நீ சொன்னது: "காது." வலது காதுக்குள் அரிப்பு. பட்ஸ் வைத்து மெல்லச் சொறிந்தேன். உன் கண்ணிலிருந்து நீர் கொட்டியது. அது ஆறுதலா, நோயின் அழுகையா, வேறு என்னவா என்று தெரியவில்லை. மெஷினைப் பற்றிப் பிறகும் கேட்டுப் பார்த்தேன். கேட்டபோதெல்லாம் கண்ணை மூடிக்கொண்டாய்.

அண்ணனைப் பற்றி ஒரு குறையும் சொல்லமாட்டேன். உன்னை மெஷினோடு வீட்டுக்குக் கொண்டுவந்து, வேலையை விட்டுவிட்டு, குழாயில் சளி உறிஞ்சக் கற்றுக்கொண்டார். முதுகில் ஒரு புண்கூட வர விடவில்லை. காலையில் பத்திரிகையை முழுக்க உனக்கு உரக்க வாசிப்பார், தேங்காய் விலை உட்பட. "மூச்சு வருகதப் பாத்தாப் போதும் எனக்கு" என்றார் ஒருநாள். எனக்குப் போதவில்லை. உனக்குப் போதுமாக இருந்ததா?

கண்ணை அசைக்கும் செல்களும் தாங்கவில்லை. நீ நம்பியிருந்த அவையும் ஒவ்வொன்றாகப் போயின. முதலில் மேலே உயர்த்துவதற்கு நேரம் எடுத்தது. பிறகு இமை பாதிதான் திறந்தது. ஒரு வார்த்தைக்கு ஒரு மதியம் ஆனது. ஒருநாள் வெளியே நல்ல மழை. நான் வரிசைகளைச் சொல்லிக்கொண்டு வந்தேன். 'ப' வரிசையில் உன் கண் லேசாக உயர்ந்தது. மலையாளத்தில் ப-வில் தொடங்கி ம-வில் முடிகிற அந்த வரிசையின் கடைசி எழுத்தில் மறுபடி உயர்ந்தது. 'ம'. அடுத்த எழுத்துக்குத் தொடங்கினேன். முதல் வரிசை, இரண்டாம் வரிசை, எல்லா வரிசைகளும். உன் கண் என் தோளுக்கு மேலே எங்கோ நின்றது. திரும்ப முதலிலிருந்து சொன்னேன். அண்ணன் சொன்னார். நான் சொன்னேன். மறுநாளும், அதற்கடுத்த நாளும். உன் கண் அதற்குப் பிறகு எங்களில் யாருக்கும் அசையவில்லை.

அண்ணன் அது மழை என்கிறார். ஜன்னலுக்கு வெளியே பெய்ததை நீ கேட்டாயாம், திறந்துவிடச் சொன்னாயாம். உன் அம்மா அது மக்கா என்கிறாள்; தான் உன்னைக் கூப்பிடுவதை நீ திருப்பிச் சொல்ல வந்தாயாம். எனக்குத் தெரிந்த சொல் வேறு. இந்த ஊரில் தமிழனும் மலையாளியும் ஒன்றுபோலச் சொல்கிற சொல். சோறு பரிமாறும்போது இலைக்கு மேல் கையை நீட்டிச் சொல்வோமே, மதி. போதும். அதைத்தான் சொன்னாய் என்று நான் அவர்கள் இரண்டு பேரிடமும் சொல்லவில்லை.

அதன் பிறகும் மாதங்கள் போயின. காது கேட்டிருக்கும். வலித்திருக்கும். நீ உள்ளே முழுசாக இருந்தாய்; இந்த நோய் அதை மட்டும் எடுப்பதில்லை என்று நீதான் சொல்லியிருந்தாய். நாங்கள் உன்னைச் சுற்றி நின்று பேசினோம். பிறகு ஒரு காலையில், மெஷின் காற்றைத் தள்ளிக்கொண்டிருக்கும்போதே உன் இதயம் நின்றது. மெஷினுக்கு அது தெரியவில்லை. அண்ணன் வந்து நிறுத்தும்வரை உன் நெஞ்சு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. தைக்காட்டு மயானத்தில் உன்னை வைத்துவிட்டு வந்தோம். அண்ணன் இப்போதும் காலையில் பத்திரிகையை உரக்கத்தான் வாசிக்கிறார் என்று உன் அம்மா சொல்கிறாள்.

இன்று காலை உன் பாடத்தை எடுத்தேன். ஊதா ஸ்லைடை வைத்துப் பிள்ளைகளை ஒவ்வொருவராகப் பார்க்கச் சொன்னேன். நீ சொன்னதில் எனக்கு நினைவிருந்த வரையில் சொன்னேன். பின்பெஞ்சில் ஒருத்தி எழுந்தாள். "டீச்சர், இது செத்தா வேறொண்ணு உண்டாகுமா?"

"இல்ல" என்றேன்.

எல்லோரும் குனிந்து அதை எழுதிக்கொண்டார்கள். அவர்களுக்குப் பரீட்சையில் கேட்பார்கள். நான் அடுத்த படத்துக்குப் போனேன்.

நீ எனக்கு விட்டுப்போனது ஆறுதலாக இருந்திருந்தால் இந்த மடலை அதோடு முடித்திருப்பேன். அப்படி ஒன்றும் இல்லை. என்னிடம் இருப்பது ஒரு பழக்கம் மட்டும்தான். மாலையில் தம்பானூரில் பஸ்ஸுக்கு நிற்கிறேன். பஸ்கள் மலையாளப் பலகைகளோடு ஒவ்வொன்றாக வந்து நிற்கின்றன. எனக்கு வேண்டிய மணக்காடு பஸ் வரும். எல்லோரும் ஒரே பார்வையில் படித்துவிட்டு ஓடி ஏறுகிறார்கள். எனக்கு 'ம' வந்ததும் கண் அங்கேயே நிற்கிறது. அடுத்த எழுத்து பலகையில் பெரிதாக எழுதித்தான் இருக்கிறது. ஆனாலும் எல்லா வரிசைகளையும் மனசுக்குள் சொல்லி, உனக்குக் கொடுத்த நேரம் முழுவதையும் கொடுத்து முடிக்காமல் என்னால் அதைப் படிக்க முடிவதில்லை. பெரும்பாலும் அதற்குள் பஸ் போய்விடுகிறது.